பிளாக்தார்ன் சிட்டி: ஜெயித்தாலும் பேட்ஜ் தராத மலையூர்

போக்கிமான் ஹார்ட்கோல்ட் என்ற வீடியோ கேமை வாங்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வாங்கலாம். ஆனால் மொத்த ஆட்டத்தையும் பற்றி எழுதினால் ஏற்கெனவே நூறு பேர் எழுதியதையே நானும் எழுத வேண்டியிருக்கும், அதனால் அதில் வரும் ஒரே ஒரு ஊரை வைத்து இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். ஊர் பெயர் பிளாக்தார்ன் சிட்டி. ஜோட்டோ என்ற நாட்டின் வடகிழக்கு மூலையில், மலைக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் ஊர், எட்டாவது ஜிம், அதாவது தலைவரை ஜெயித்தால் பேட்ஜ் என்ற சின்னம் தரும் சண்டைக்கூடம், அங்கேதான். நான் பொள்ளாச்சிக்காரன், காலையில் மொட்டை மாடிக்குப் போனால் ஆனைமலை தெரியும், ஆளியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவில் எத்தனையோ முறை பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். மலையூர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. ஆட்டங்களில் நான் பார்த்த மலையூர்களில் இது ஒன்றுதான் அதற்குப் பக்கத்தில் வந்தது.

முதலில் தெரியாதவர்களுக்காக. போக்கிமான் என்பவை விதவிதமான கற்பனை விலங்குகள், அவற்றைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடுவதுதான் ஆட்டம். கோல்ட், சில்வர் என்ற இரண்டு ஆட்டங்கள் 1999 நவம்பரில் ஜப்பானில் கேம்பாய் கலர் என்ற கையடக்கக் கருவிக்கு வந்தன, அடுத்த வருடம் கிறிஸ்டல். பத்து வருடம் கழித்து 2009 செப்டம்பரில் அவற்றையே நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்காகப் புதிதாகச் செய்து ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் என்று விட்டார்கள், இங்கிலீஷில் 2010 மார்ச்சில் வந்தது. நான் பழைய கோல்டும் ஆடியிருக்கிறேன், இப்போது என் அக்கா மகன் ஹார்ட்கோல்ட் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே நானும் இன்னொரு முறை ஆடி முடித்தேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. கீழே வரும் பாதி விஷயம் அவன் மூலமாகத் தெரிந்துகொண்டதுதான்.

ஊருக்குப் போகும் வழியில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்த ஊரின் பாதி அழகு வழியில்தான் இருக்கிறது. மஹோகனி டவுனின் கிழக்கு வாசலில் ஒருவர் நின்றுகொண்டு 300 ரூபாய்க்கு, அதாவது அந்த ஊர்க் காசுக்கு, ஒரு மிட்டாயை நம் தலையில் கட்டப் பார்ப்பார், வழியும் விடமாட்டார். கோல்டன்ராட் என்ற பெரிய நகரத்தின் ரேடியோ டவரைப் பிடித்துவைத்திருக்கும் டீம் ராக்கெட் கும்பலை விரட்டிய பிறகுதான் அந்தப் பக்கம் போக முடியும். அப்புறம் ரூட் 44, அதன் முடிவில் ஒரு குகை. ஐஸ் பாத். தரையெல்லாம் பனிக்கட்டி. ஒரு அடி எடுத்து வைத்தால் அவ்வளவுதான், எதிரில் பாறையோ சுவரோ தடுக்கும்வரை சறுக்கிக்கொண்டே போவோம், நடுவில் நிற்கவும் முடியாது திரும்பவும் முடியாது. எந்தப் பாறையில் முட்டினால் எந்தப் பக்கம் திரும்பலாம் என்று அடி எடுத்து வைக்கும் முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு வழுக்குப்பாறை ஞாபகம் வரும். அங்கேயும் இப்படித்தான், கையில் மூங்கில் தடி இருந்தாலும் அடுத்த கால் எங்கே என்று பார்க்காமல் இந்தக் காலைத் தூக்க மாட்டோம்.

அக்கா மகன் தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கம் கட்டம் போட்டு, பாறை இருக்கும் இடத்தில் எல்லாம் பென்சிலில் கறுப்பு வட்டம் வைத்து, சறுக்கும் வழிக்கு அம்புக்குறி போட்டான். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் தாளில் ஒரு பாறையைத் தப்பான கட்டத்தில் போட்டுவிட்டான், அதனால் மூன்று முறை ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றான், அப்புறம் இன்னொரு தாள் கிழித்தான். கீழ்த்தளத்தில் ஸ்ட்ரெங்த் என்ற போக்கிமான் வித்தையை வைத்துத் தள்ள வேண்டிய உருண்டைப் பாறைகள் நான்கு இருக்கின்றன. அவற்றை ஓட்டைகளில் தள்ளிவிட்டால் அதற்கும் கீழ்த்தளத்தில் போய் விழும். விழுந்த பாறைகள்தான் அங்கே நாம் சறுக்கும்போது முட்டி நிற்பதற்கான தடுப்பு. மேலே செய்த வேலை கீழே உதவுகிறது என்று புரிந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இதைப் பார்த்துத்தான் சொல்கிறேன், தயவுசெய்து வீடியோவில் வழி பார்த்து ஆடாதீர்கள், இந்த இடத்தை மட்டுமாவது நீங்களாகவே ஆடிப் பாருங்கள். ஹார்ட்கோல்டில் கிமோனோ உடுத்திய பெண் ஒருத்தி செருப்பு பனியில் ஒட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்பாள், பின்னால் இருந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டால் போய்விடுவாள். சின்ன விஷயம்தான், ஆனால் ஆளில்லாத குகையில் ஒரு முகத்தைப் பார்ப்பது நன்றாக இருக்கிறது.

குறை ஒன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாலு அடிக்கு ஒரு கோல்பேட், வௌவால் மாதிரியான போக்கிமான், வந்து மறிக்கும். வழியை மனதில் வைத்துக்கொண்டு சறுக்கும்போது நடுவில் சண்டை வந்தால் கணக்கு மறந்துபோகிறது. மஹோகனி தாண்டும் முன், காட்டுப் போக்கிமான்களை அண்டவிடாத ரிப்பெல் மருந்து நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதைத் தெளிக்கும் முன் ஸ்வைனப் என்ற பனி வகைப் போக்கிமான் ஒன்றைப் பிடித்துவிடுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். வாட்டர்ஃபால் எச்எம்மும், அதாவது அருவி ஏறும் வித்தையைக் கற்றுக்கொடுக்கும் பொருளும், இந்தக் குகைக்குள்தான் கிடக்கிறது, எடுக்காமல் வந்துவிடாதீர்கள்.

குகையை விட்டு வெளியே வந்தால் ஊர். அறிவிப்புப் பலகையில் மலைக்குள் அமைதியாக ஒதுங்கியிருக்கும் இடம் என்ற மாதிரி எழுதியிருக்கும், அது சரிதான். சுற்றிலும் செங்குத்துப் பாறை. ஒரு போக்கிமான் சென்டர், ஒரு மார்ட், சில வீடுகள், ஜிம், அதற்குப் பின்னால் தண்ணீர். கோல்டன்ராடில் இருப்பது மாதிரி பெரிய கடையோ ரயிலோ எதுவும் கிடையாது. சிட்டி என்று பெயரே தவிர ஒரு மலைக்கிராமம்தான். ஜோட்டோவில் நிறைய ஊர்களுக்கு இங்கிலீஷில் செடி கொடி மரத்தின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள், பிளாக்தார்ன் என்பதும் ஒரு முள்மரம். நமக்கு இது புதிதில்லை. வேலம்பாளையம், புளியம்பட்டி, ஆலாந்துறை என்று மரத்தை வைத்தே ஊரைக் கூப்பிட்டுப் பழகியவர்கள் நாம், அதனால் கருமுள் ஊர் என்று கேட்டதும் எனக்கு அது உடனே ஒட்டிக்கொண்டது.

இந்த ஊரில் ஒரு பெரியவர் வீடு இருக்கிறது, அவர் போக்கிமானுக்கு ஒரு வித்தையை மறக்கவைப்பார். இதன் அருமை இவ்வளவு தூரம் ஆடி வந்தவர்களுக்குத்தான் தெரியும். சர்ஃப், ஸ்ட்ரெங்த், வேர்ல்பூல் என்று எச்எம் வித்தைகளைக் கற்றுக்கொடுத்துவிட்டால் அப்புறம் அதை நாமாக அழிக்க முடியாது, ஒரு போக்கிமானுக்கு வித்தைக்கென்று இருக்கும் நாலு இடத்தில் ஒரு இடம் போனது போனதுதான். அதை அழிக்கிற ஒரே ஆள் ஏழு பேட்ஜ் வாங்கி, ஐஸ் பாத் தாண்டி, இந்த ஊருக்கு வந்தால்தான் கிடைக்கிறார். இது எனக்குப் பிடிக்கவில்லை. இவரைக் கோல்டன்ராடிலேயே வைத்திருக்கலாம், சின்னப் பிள்ளைகள் தெரியாமல் கற்றுக்கொடுத்துவிட்டு ஆட்டம் பூராவும் அதோடு மாரடிக்கிறார்கள். ஹார்ட்கோல்டில் அதே வீட்டிலேயே, மறந்துபோன வித்தையை ஹார்ட் ஸ்கேல் என்ற பொருள் ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபடி ஞாபகப்படுத்துகிறவரும் இருக்கிறார்.

சரி, ஜிம்முக்கு வருவோம். தலைவி பெயர் கிளேர். டிராகன் வகைப் போக்கிமான் வளர்க்கும் குலத்துப் பெண், சாம்பியன் லான்ஸுக்கு உறவில் தங்கை முறை. பழைய கோல்டில் ஜிம்முக்குள் எரிமலைக் குழம்பின் மேல் பாறைகளைத் தள்ளி வழி செய்ய வேண்டும், ஹார்ட்கோல்டில் அதே குழம்பின் மேல் டிராகன் தலை வைத்த மேடைகள் நம்மைத் தூக்கிக்கொண்டு நகர்கின்றன. பனிக்கட்டியில் நடுங்கிக்கொண்டு வந்தவனை நெருப்புக்குள் விடுகிறார்கள். புது ஏற்பாடு பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாறை தள்ளுவதுதான் அந்த ஊருக்குப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

கிளேர் கஷ்டம். ஹார்ட்கோல்டில் அவளிடம் 38 லெவலில் ஒரு கியாரடோஸ், 38 லெவலில் இரண்டு டிராகோனேர், கடைசியில் 41 லெவலில் கிங்டிரா. நாமோ வரும் வழியில் 20-களில் இருக்கும் காட்டுப் போக்கிமான்களோடு சண்டை போட்டு வந்திருப்போம், அதில் லெவல் ஏறவே ஏறாது. பழைய ஆட்டத்தில் இருந்த இந்தக் குறையைப் பத்து வருடம் கழித்தும் சரிசெய்யாமல் விட்டிருக்கிறார்கள், இந்த ஆட்டத்தில் நான் உண்மையிலேயே மார்க் குறைப்பது இதற்குத்தான். வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் அரை மணி நேரம் ஆடுகிறவர்கள் இங்கே ஒரு வாரம் மாட்டிக்கொள்வார்கள்.

அக்கா மகன் எப்படி ஜெயித்தான் என்று சொன்னால் உங்களுக்கு உதவும். ஐஸ் பாத்தில் பிடித்த ஸ்வைனப்பை விடாமல் வளர்த்து 33 லெவலில் பைலோஸ்வைன் ஆக்கினான். டிராகன் வகைக்குப் பனி ஆகாது. அது மட்டும் இல்லை, டிராகோனேர் தண்டர் வேவ் போட்டு நம் ஆட்களைச் செயலிழக்க வைக்கும், பைலோஸ்வைன் பாதி நில வகை என்பதால் அந்த மின்சாரம் அதனிடம் பலிக்காது. இது அவனாகக் கண்டுபிடித்தது, நான் எத்தனையோ வருடம் ஆடியும் யோசித்தது கிடையாது. கியாரடோஸுக்கு ஆம்ஃபரோஸ் போதும், ஒரே அடி, மின்சாரம் அதற்கு நாலு மடங்கு விழும். கிங்டிராதான் பாடாய்ப் படுத்தும். தண்ணீரும் டிராகனும் சேர்ந்த வகை, அதனால் பனியும் மின்சாரமும் அதனிடம் சாதாரண அடிதான், டிராகன் வகை அடி மட்டுமே கூடுதலாக விழும், அந்த நேரத்தில் யார் கையிலும் டிராகன் இருக்காது. பைலோஸ்வைனைத் தண்ணீரிலேயே முடித்துவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆம்ஃபரோஸும் இன்னும் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அடித்து ஒருவழியாகச் சாய்த்தான், அக்கா அடுப்படியில் இருந்து என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் நான் சொல்ல வந்த விஷயம். தோற்றுப்போன கிளேர் பேட்ஜைத் தரமாட்டாள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நீ இன்னும் தயார் இல்லை, ஜிம்முக்குப் பின்னால் இருக்கும் டிராகன்ஸ் டென்னுக்குப் போய்வா என்று அனுப்பிவிடுவாள்.

"மாமா, இந்தப் புள்ள தோத்துப்போயும் பேட்ஜ் தரமாட்டேங்குதுங்க, இது நாயமாங்க?" என்று கேட்டான். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. மூன்று நாள் உழைப்பு, கோபம் வராமல் என்ன செய்யும்.

"நாயமில்லதான் கண்ணு. போயிப் பாரு, அங்க ஒரு பெரியவரு இருக்காரு" என்று மட்டும் சொன்னேன்.

பழைய கோல்டில் இந்த இடம் சாதாரணமாகத்தான் இருந்தது. டென்னுக்குள் நீந்திப் போய் டிராகன் ஃபேங் என்ற ஒரு பொருளை எடுத்துவந்து காட்டினால் பேட்ஜ் தருவாள், கடைக்கு அனுப்பிச் சாமான் வாங்கிவரச் சொன்ன மாதிரி. கிறிஸ்டலில் இதை மாற்றினார்கள், ஹார்ட்கோல்டும் அதையே எடுத்துக்கொண்டது, இந்த ஒரு காரணத்துக்காகவே கோல்டைவிட ஹார்ட்கோல்டை வாங்கச் சொல்வேன். குளத்தைத் தாண்டி, குகைக்குள் இறங்கி, நீர்ச்சுழலைக் கடந்து போனால் ஒரு கோயில். டிராகன் குலத்தின் பெரியவர் உட்கார்ந்திருப்பார். சண்டைக்குக் கூப்பிடமாட்டார். ஐந்து கேள்வி கேட்பார். போக்கிமான் உனக்கு யார், எதனால் ஜெயிக்கிறாய், எப்படிப்பட்டவனோடு மோத ஆசைப்படுகிறாய், வளர்ப்பதற்கு முக்கியமானது எது, பலமான போக்கிமானா பலவீனமான போக்கிமானா எது உசத்தி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில், அதில் ஒன்றைத் தொட வேண்டும்.

நாலாவது கேள்விக்கு அன்பு, வன்முறை, அறிவு என்று மூன்று பதில் வரும். இவன் திரையைத் தொடாமல் ரொம்ப நேரம் யோசித்தான். மூன்று நாளாகக் காலண்டர் தாளில் கணக்குப் போட்டு ஜெயித்தவன் அல்லவா, அறிவு என்றுதான் தொடுவான் என்று நினைத்தேன். அன்பு என்று தொட்டான். கடைசிக் கேள்விக்கு இரண்டும் என்று யோசிக்காமல் தொட்டான், ஸ்வைனப்பாகப் பிடித்தபோது அது எவ்வளவு நோஞ்சான் என்று அவனுக்குத்தான் தெரியுமே.

அப்போது கிளேர் உள்ளே வருவாள், எப்படியும் இவன் தோற்றிருப்பான் என்ற நினைப்பில். பெரியவர் அவளைப் பார்த்து, இந்தப் பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை, தோற்றதை ஒத்துக்கொண்டு பேட்ஜைக் கொடு, இல்லையென்றால் லான்ஸிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான், ஆள் அடங்கிவிடுவாள். ஜப்பான்காரன் எழுதினதுதான், ஆனால் நம்ம வீட்டில் அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்தபடியே ஒரு அதட்டல் போடுவது மாதிரியே இருந்தது. ஊருக்கே ஜிம் தலைவியாக இருந்தாலும் குலத்துப் பெரியவர் முன்னால் அவள் ஒரு பேத்தி வயசுப் பெண்தான். மற்ற ஏழு ஜிம்மில் கோல்டன்ராட் தலைவி விட்னி மட்டும் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத் தருவாள், மீதி ஆறிலும் ஜெயித்ததும் கையில் பேட்ஜைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அந்த ஊர்களில் பாதியின் பெயர்கூட இப்போது எனக்கு நினைவில் இல்லை. இந்த ஊர் ஜெயித்தவனை உட்காரவைத்து, நீ யார் என்று கேட்கிறது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் இதைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு விஷயம் கவனம். பேட்ஜ் வாங்கின சந்தோஷத்தில் அப்படியே கிளம்பிவிடாதீர்கள், பெரியவரிடம் திரும்பப் போய்ப் பேசினால் 15 லெவலில் ஒரு டிராட்டினி, அதாவது டிராகோனேரின் குட்டி நிலை, தருவார். ஐந்து கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லியிருந்தால் அதற்கு எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் என்ற வித்தை தெரிந்திருக்கும், காட்டில் பிடிக்கிற டிராட்டினிக்கு அது வராது.

வாங்குவதைப் பற்றி. இந்த ஆட்டத்தைக் கோயமுத்தூரில் கடையில் போய் வாங்க முடியாது, கிடைப்பதெல்லாம் கை மாறி வருவதுதான், போலியும் ஏராளம். நானே முதலில் ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கி ஏமாந்தேன், பத்து மணி நேரம் ஆடிய பிறகு, ஆட்டத்தைச் சேமித்துவைத்த சேவ் காணாமல் போனது, ஆளும் பதில் சொல்லவில்லை. அசல் கார்ட்ரிட்ஜ் பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கருஞ்சிவப்பாக ஒளி ஊடுருவும், அதற்குள் இன்ஃப்ராரெட் இருப்பதால் அப்படிப்பட்ட பிளாஸ்டிக். போலியில் ஒன்றும் தெரியாது. வாங்கும் முன் டார்ச் அடித்து ஒரு போட்டோ கேளுங்கள், அனுப்பமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். பழைய கோல்ட் வாங்குகிறவர்கள், உள்ளே சிஆர் 2025 பேட்டரி இருக்கும், ஆட்டத்துக்குள் கடிகாரம் ஓடுவதால் அது காலியாகிவிடும், காலியானால் சேவ் நிற்காது. என்னுடையதைக் காந்திபுரத்தில் செல்போன் ரிப்பேர் செய்யும் ஒரு தம்பி பழைய பேட்டரியைச் சால்டரிங் வைத்து எடுத்துவிட்டுப் புதிது வைத்துக் கொடுத்தார், நன்றாக ஓடுகிறது, பழைய சேவ் மட்டும் போய்விட்டது.

ஊரை விட்டு இறங்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். தெற்கே ரூட் 45, நீளமான இறக்கம், திட்டுத் திட்டாகப் பாறை. குதித்துக் குதித்து இறங்கலாம், குதித்த திட்டில் திரும்ப ஏற முடியாது. எந்தப் பக்கம் குதிக்கிறோமோ அதைப் பொறுத்து சில பொருள்கள் கிடைக்கும், சில கிடைக்காமல் போகும். அப்படியே ரூட் 46, அது ரூட் 29-இல் கொண்டுபோய் விடும், அங்கிருந்து நியூ பார்க் டவுன் கூப்பிடு தூரம். அதாவது கதை ஆரம்பித்த நம் சொந்த ஊர். பேட்ஜ் வாங்கிய கையோடு புரொபசர் எல்ம் போன் போட்டு வரச் சொல்வார், போனால் எந்தப் போக்கிமானையும் தப்பாமல் பிடிக்கும் மாஸ்டர் பால் என்ற பந்தைத் தருவார். பறந்தும் போகலாம், பறக்காதீர்கள். வால்பாறையில் இருந்து கடைசி வளைவு இறங்கி ஆளியாறு அணை கண்ணில் பட்டதும் காது அடைப்பு விட்டு வீடு வந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வரும், அது இந்த இறக்கத்தில் இருக்கிறது.

ஹார்ட்கோல்ட் பெட்டியோடு போக்கிவாக்கர் என்று ஒரு சின்னக் கருவி வரும், ஒரு போக்கிமானை அதற்குள் மாற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் அது நம் அடிகளை எண்ணும். பழையது வாங்கும்போது பெரும்பாலும் இது இருக்காது, இருந்தால் கூடக் கொஞ்சம் கொடுத்தாவது வாங்குங்கள். அக்கா மகன் தன் டிராட்டினிக்கு ஆளியார் என்று பெயர் வைத்திருக்கிறான், மலையடிவாரத்துத் தண்ணீரில் கிடைத்ததாம். நான் வெள்ளியங்கிரி கிளம்பும்போது அவன் ஆளியாரைப் போக்கிவாக்கருக்குள் மாற்றி என்னிடம் கொடுத்து, "பத்திரமுங்க மாமா, தண்ணியில கிண்ணியில போட்டுறாதீங்க" என்று நாலு முறை சொன்னான். ஆண்டிசுனையில் குளிக்கும் முன் அதைக் கழற்றி வேட்டி மடிப்பில் சுற்றிப் பையில் வைத்தேன். ஏழு மலை ஏறி இறங்கி வந்து கொடுத்தேன், ஆட்டத்துக்குள் திரும்ப மாற்றிப் பார்த்தான். ஒரு நடைக்கு ஒரு லெவலுக்கு மேல் ஏறாது என்பது கருவியின் கணக்கு, அதனால் ஒன்றுதான் ஏறியிருந்தது, அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது. 30-இல் டிராகோனேர் ஆகிவிட்டது, இப்போது 41. டிராகோனைட் ஆக இன்னும் 14 லெவல் இருக்கிறது.